மாறாதவர்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எங்க அப்பா மாறிட்டாங்களே

பாளை மகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில, புது வருஷத்துக்கு ஒரு வசனம்னு சபையில தர்ற வாக்குத்தத்த கார்டு எடுத்தேன். எனக்கு வந்தது எபிரெயர் 13:8. "இயேசுகிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்." பக்கத்துல இருந்த சித்தி எட்டிப் பாத்துட்டு எவ்வளவு நல்ல வசனம் கெடச்சிருக்குன்னு கைய புடிச்சாங்க. நான் அத ஹேண்ட்பேக் ஜிப்புக்குள்ள போட்டு மூடுனதுதான், இன்னும் வெளிய எடுக்கல.

2009ல எங்க அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்துச்சு. சபையே ராத்திரி முழுக்க முழங்கால்ல நின்னாங்க. அப்போ வந்து ஜெபிச்சவர் எங்களுக்கு கொடுத்த வசனமும் இதேதான், அன்னைக்கு செத்துப்போன லாசருவ எழுப்புனவர் இன்னைக்கும் மாறலன்னு சொன்னாரு. அப்பா பொழச்சாங்க. பத்து வருஷத்துக்கு மேல அந்த சாட்சிய நான் எத்தன மீட்டிங்ல சொல்லிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல.

இப்ப அப்பாவுக்கு 79 வயசு. டிமென்ஷியா வந்து நாலு வருஷமாச்சு. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, நாப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்துனவங்க, சங்கீதம் பாதி மனப்பாடமா தெரிஞ்சவங்க, இப்ப என்ன டீச்சர்னு கூப்பிடுறாங்க. நான் அவங்க மகள்னு தெரியல. சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போணும் வீட்டுக்குப் போணும்னு வாசல்ல நிக்கிறாங்க, இதுதானப்பா உங்க வீடுன்னு சொன்னா கோவம் வந்து கைய உதறுறாங்க, எங்க அப்பா வாழ்க்கையில என்ன கை நீட்டுனதே இல்ல. போன மாசம் ஒரு நாள் குடும்ப ஜெபத்துல நடுவுல எந்திரிச்சு யாருகிட்ட பேசிட்டு இருக்கீங்கன்னு கேட்டாங்க. அன்னைக்கு நான் பாத்ரூம்ல போய் தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுதேன்.

அதே ஜெபம்தான் பண்றோம், அதே சபைதான். அப்போ கேட்டவர் இப்போ ஏன் கேக்கல? அவர் மாறலன்னா நாங்க மாறிட்டோமா, இல்ல அப்பா அவர மறந்துட்டதால அவரும் விட்டுட்டாரா? இன்னொன்னு, 12ம் கிளாஸ் படிக்கிற என் மக கேக்குறா, அம்மா கடவுள் மாறவே மாட்டார்னா எதுக்கு ஜெபிக்கணும், நம்ம கேட்டா மட்டும் அவர் முடிவு மாறுமான்னு. எனக்கு பதில் தெரியல. மலை மாறல, பாறை மாறல, அதெல்லாம் பாத்து யாருக்காவது ஆறுதல் வருமா? விசுவாசத்த விடணும்னு கேக்கல, புடிச்சுக்கத்தான் கேக்குறேன்.

.

கிருபை போதும்:

சிஸ்டர் வாசிச்சதும் மனசு கனத்துப் போச்சு. பதில் சொல்ல எனக்கு அறிவு இல்ல, இன்னைக்கு ராத்திரி உங்க அப்பாவுக்காகவும் உங்களுக்காகவும் பேர் தெரியாமலே ஜெபிக்கிறேன்.

.

ஜீவதண்ணீர்:

பிரைஸ் த லார்ட் சிஸ்டர். சோர்ந்து போகாதீங்க. அந்த கார்டு உங்களுக்கு சும்மா வரல, 2009ல செஞ்சவர் இன்னைக்கும் செய்வார்னுதான் திரும்பவும் அதே வசனத்த கொடுத்திருக்கார். மாறாதவர்னா அதுதான அர்த்தம். அவர் பக்கம் மாற்றம் இல்லன்னா தடை நம்ம பக்கம்தான் இருக்கும், வீட்டுல ஏதாவது அவிசுவாசம், யார்மேலயாவது கசப்பு இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க. குடும்பமா 21 நாள் உபவாசம் எடுங்க. டாக்டர் ரிப்போர்ட்ட பாக்காதீங்க, வாக்குத்தத்தத்த பாருங்க. அப்பா உங்கள பேர் சொல்லி கூப்பிடுற நாள் வரும் ஆமென்.

.

பாளை மகள்:

பிரதர், நல்ல மனசோடதான் சொல்றீங்கன்னு தெரியுது. 21 நாள் உபவாசம் மூணு தடவ முடிச்சாச்சு. கசப்பு இருக்கான்னு ஆராய்ஞ்சு ஆராய்ஞ்சு, பத்து வருஷத்துக்கு முந்தி நாத்தனார்கிட்ட பேசுன ஒரு வார்த்தைக்குக் கூட போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். இதுக்கு மேல என் பக்கம் எங்க தேடுறதுன்னு தெரியல.

.

இடையன்குடி வாத்தியார்:

மகளே, நானும் ரிட்டயர்டு வாத்தியார்தான், உங்க அப்பா வயசுக்கு ரெண்டு மூணு வயசு கம்மி. சபையில எப்பவாவது பிரசங்கத்துக்கு நிப்பேன், அவ்வளவுதான் என் தகுதி. மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உங்க பக்கம் தேடுறத இன்னைக்கோட நிறுத்துங்க.

அந்த வசனத்த 8ல இருந்து வாசிக்காதீங்க, 7ல இருந்து வாசிங்க. "தேவவசனத்தை உங்களுக்குப் போதித்து உங்களை நடத்தினவர்களை நீங்கள் நினைத்து, அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து, அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள்." அதுக்கு அடுத்த வரிதான் உங்க கார்டுல இருக்கிறது. நினைத்துன்னு ஏன் எழுதுறார்? அந்தப் பெரியவங்க இப்ப அவங்க கூட இல்ல. நடக்கையின் முடிவுன்னா அவங்க எப்படி வாழ்ந்து முடிச்சாங்கன்னு அர்த்தம். அதாவது தங்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவங்கள மண்ணுக்குள்ள வச்சுட்டு, இனிமே நமக்கு யாரு இருக்கான்னு முழிச்சிட்டு நின்ன ஒரு சபைக்கு எழுதுன வசனம் அது. சொத்தெல்லாம் கொள்ள போன ஜனங்க அவங்க, 10ம் அதிகாரத்துல பாக்கலாம். கற்றுக் கொடுத்தவங்க போயிட்டாங்க, அவங்க யாரக் காட்டிக் கொடுத்தாங்களோ அவர் அங்கேயே இருக்கார், இதுதான் அங்க பேச்சு. நேத்து நடந்த அற்புதம் இன்னைக்கும் அதே மாதிரி நடக்கும்னு அந்த வசனம் கணக்கு போட்டுக் கொடுக்கல. அதே ஆள் இருக்கார்னு சொல்லுது.

எங்க ஊர் கோயில்லயே மிஷனரி கால்டுவெல் ஐயர அடக்கம் பண்ணியிருக்கு. 1841ல இந்த தேரிக்காட்டுக்கு வந்தவர், 1891ல கொடைக்கானல்ல கண்ண மூடுனார், கொண்டு வந்து இங்கதான் வச்சாங்க. நான் சின்ன வயசுல இருந்து அந்தக் கல்லறை இருக்கிற கோயில்லதான் திருவிருந்து எடுக்கிறேன். எபிரெயர் 13:7 எனக்கு புத்தகத்துல இல்ல, தரையில இருக்கு. உங்க வீட்டுல அது நாற்காலியில உக்காந்திருக்கு. உங்களுக்கு வசனம் சொல்லிக் கொடுத்து நடத்துனவங்கள ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா இழந்துட்டு இருக்கீங்க. அந்த வசனம் உங்களுக்குத்தான் எழுதியிருக்கு, ஆனா உங்களுக்குச் சொன்ன அர்த்தத்துல இல்ல.

ஜீவதண்ணீர் தம்பிக்கும் ஒரு வார்த்தை, கோவிச்சுக்காதீங்க. அப்போஸ்தலர் 12 எடுங்க. ஏரோது ராஜா அப்போஸ்தலன் யாக்கோப பட்டயத்தால கொன்னுட்டான், ஒரே ஒரு வரியில முடிஞ்சு போச்சு. அதே அதிகாரத்துல பேதுருவ தூதன் வந்து ஜெயில்ல இருந்து கூட்டிட்டு வர்றான். ஒரே தேவன், ஒரே சபை. யாக்கோபு வீட்டுல அவிசுவாசம் இருந்துச்சுன்னு லூக்கா எழுதலியே. இன்னொண்ணு, எபேசுல பவுலோட உறுமால, அதாவது அவர் மேல இருந்த துணிய, கொண்டு போய் போட்டாலே வியாதி போச்சுன்னு அப்போஸ்தலர் 19ல இருக்கு. அதே எபேசுக்காரன்தான் துரோப்பீமு. கடைசி நாள்ல பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுறார், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." எவ்வளவு வலியோட எழுதியிருப்பார், கூட சுத்துனவன். உறுமாலுக்கு சுகம் கொடுத்தவர் துரோப்பீமுவுக்கு ஏன் கொடுக்கலன்னு பவுல் விளக்கமும் சொல்லல, துரோப்பீமுமேல பழியும் போடல. 2009ல உங்க அப்பாவுக்கு நடந்தது பொய் இல்ல மகளே. அது பேதுரு கதை. இப்ப நடக்கிறது துரோப்பீமு கதை. ரெண்டுலயும் இருக்கிறவர் ஒருத்தர்தான்.

.

ராத்திரி டியூட்டி:

தங்கச்சி, நான் நர்ஸ், ஆனா நர்ஸா எழுதல. எங்க அம்மாவுக்கு ஆறு வருஷம் இதே வியாதி, 2022ல கர்த்தர்கிட்ட போயிட்டாங்க. கடைசி மூணு வருஷம் எங்க அம்மாவுக்கு நான் யாரும் இல்ல. அதனால வாத்தியார் ஐயா விட்ட எடத்துல இருந்து சொல்றேன்.

அப்பா அவர மறந்துட்டதால அவரும் விட்டுட்டாரான்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அந்த கேள்வியோட நானும் ரொம்ப நாள் தூங்காம இருந்தேன். எங்க அம்மா இயேசு யாருன்னே கேட்டாங்க ஒரு தடவ. அப்ப இவங்க விசுவாசி இல்லையா, இவங்க ரட்சிப்பு என்னாகும்னு பைத்தியம் மாதிரி யோசிப்பேன். ஏசாயா 49:15 தெரியும்ல, ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோன்னு. சின்ன வயசுல இருந்து அத நான் தாய் புள்ளைய மறக்கவே மாட்டா, அது மாதிரி தேவனும் மறக்க மாட்டார்னு புரிஞ்சு வச்சிருந்தேன். வசனம் அப்படி இல்ல. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." மறந்தாலும்னு போட்டிருக்கு. தாய் மறக்கிற நாள் உண்டுன்னு அவருக்குத் தெரியும். எங்க வீட்டுல பெத்த தாயே என்ன மறந்து உக்காந்திருந்தப்ப அந்த "மறந்தாலும்" என்ன தூக்கி நிறுத்துச்சு. அடுத்த வசனம் உள்ளங்கையில வரைஞ்சிருக்கேன்னு சொல்லுது. எங்க அம்மா கை எல்லாத்தையும் விட்டுருச்சு, ஸ்பூன, என் விரல, ஜெபமாலை மாதிரி எப்பவும் வச்சிருந்த அந்த சின்ன புதிய ஏற்பாட்ட. அவங்க பேர் எழுதியிருந்தது அவங்க கையில இல்லையே, அவர் கையில.

மாறாதவர்ங்கிறது எனக்கு ஆறுதலா ஆனது அங்கதான். நம்ம நெனப்புல அவர் இருக்கிறதால நாம அவருக்குச் சொந்தம்னா, நெனப்பு போற அன்னைக்கு எல்லாம் போச்சு. அவர் நெனப்பு மாறாததால நாம அவருக்குச் சொந்தம்னா, உங்க அப்பா நாப்பது வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தப்ப எவ்வளவு சொந்தமோ, இன்னைக்கு டீச்சர்னு கூப்பிடும்போதும் அவ்வளவு சொந்தம், ஒரு துளி கொறையல.

மலை பாறை ஆறுதல் இல்லன்னு சொன்னீங்க. எனக்கும் இல்ல. ஏசாயா 54:10ல மலைகள் விலகினாலும் என் கிருபை விலகாதுன்னுதான இருக்கு, மலைய விட உறுதின்னு அவர் காட்டுறது கிருபையத்தான்.

சங்கீதம் 102 முழுசா வாசிங்க, கடைசியில வர்ற "நீரோ மாறாதவராயிருக்கிறீர்" மட்டும் இல்ல, மேல இருந்து. நித்திரையில்லாம வீட்டுமேல தனியா இருக்கிற குருவி மாதிரி இருக்கேன்னு அழுறான், சாம்பல அப்பமா சாப்பிடுறேன்னு சொல்றான். நீங்க பாத்ரூம்ல தண்ணிய தொறந்து விட்டு அழுததும் அந்த சங்கீதத்துக்குள்ளதான் இருக்கு. அவ்வளவு அழுது தீத்தவன்தான் கடைசியில அந்த வரிக்கு வர்றான். நமக்கு கார்டுல கடைசி வரி மட்டும் அச்சடிச்சு கையில கொடுத்துடுறாங்க.

சில காரியம், அனுபவத்துல சொல்றேன். வீட்டுக்குப் போணும்னு சொல்லும்போது இதுதான் வீடுன்னு வாதாடாதீங்க, அவங்களுக்கு அது பொய்யா தெரியும், பயம் கூடும். சரிப்பா வாங்க போவோம்னு செருப்ப மாட்டி தெரு முனை வரைக்கும் நடந்துட்டு திரும்ப கூட்டிட்டு வாங்க. இருட்டுறதுக்கு முன்னாடியே எல்லா லைட்டும் போடுங்க, சாயங்காலம்தான் இவங்களுக்கு குழப்பம் அதிகம். குடும்ப ஜெபத்துல சொந்தமா நீளமா ஜெபிக்காதீங்க, அவங்களால தொடர முடியாது. பரமண்டல ஜெபத்த மெதுவா ஆரம்பிச்சுட்டு பாதியில நிறுத்திப் பாருங்க. பழைய பாட்டு, சின்னதுல இருந்து சொன்ன ஜெபம் எல்லாம் வேற எங்கயோ ஆழத்துல இருக்கும்போல, பேர் மறந்தவங்களுக்கும் அது வரும். வரலன்னாலும் கலங்காதீங்க, நீங்க அவங்களுக்காக சொல்லுங்க. எங்க அம்மாவுக்கு கடைசி வருஷம் நான்தான் ஆமென் சொன்னேன்.

.

மூணாம் வருஷம்:

அக்கா, நான் இறையியல் படிக்கிற பையன். உங்க மக, அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு மட்டும் வர்றேன், ஏன்னா அத எங்க கிளாஸ்லயும் ஒரு வாரம் பேசுனோம்.

1 சாமுவேல் 15 எடுத்து தங்கச்சியவே வாசிக்கச் சொல்லுங்க. 11ம் வசனத்துல சவுல ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமா, அதாவது ஏன் செஞ்சோம்னு வருத்தமா இருக்குன்னு கர்த்தர் சொல்றார். 29ல, அவர் மனஸ்தாபப்படுறதில்ல, மனம் மாற அவர் மனுஷன் இல்லன்னு சாமுவேல் சொல்றார். 35ல திரும்பவும் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார்னு இருக்கு. மூணு எடத்துலயும் எபிரெயத்துல ஒரே சொல்தான். எழுதுனவருக்கு இது தெரியாம நடந்திருக்காது, ஒரே அதிகாரத்துல இருபது வசன இடைவெளியில யாரும் மறந்துட மாட்டாங்க. ரெண்டையும் சேர்த்து புடிச்சுக்கோன்னு வேணும்னே வச்சிருக்கார். அவருக்கு வலிக்கும், துக்கப்படுவார், மனுஷன் திரும்புனா அவரும் திரும்புவார். ஆனா நம்மள மாதிரி நேத்து ஒரு ஆள் இன்னைக்கு ஒரு ஆளா இருக்க மாட்டார், சொன்ன வாக்க வசதிக்குத் தகுந்த மாதிரி மாத்த மாட்டார்.

யோனா இன்னும் தெளிவா இருக்கும். நினிவே பட்டணம் அழியும்னு தேவன் யோனாவ வச்சு சொன்னார், ஜனங்க மனந்திரும்புனதும் சொன்ன தீங்க செய்யாம விட்டார். பாத்தியா அவர் மாறிட்டார்னு நமக்குத் தோணும். ஆனா யோனா ஏன் கோவப்பட்டார்னு 4:2ல அவரே சொல்றார். நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர்னு எனக்குத் தெரியும், அதனாலதான் நான் முதல்லயே தர்ஷீசுக்கு ஓடுனேன்னு. அது யாத்திராகமம் 34:6ல மோசேகிட்ட கர்த்தர் தன்னப் பத்தி தானே சொன்ன வார்த்தை. யோனாவோட கோவமே தேவன் மாறலங்கிறதாலதான். சீனாய் மலையில கன்னுக்குட்டிய கும்பிட்ட ஜனத்துக்கிட்ட எப்படி இருந்தாரோ அப்படியே நினிவேகாரன்கிட்டயும் இருக்கார், அது யோனாவுக்குப் புடிக்கல.

எதுக்கு ஜெபிக்கணும்னா, இதுக்குத்தான் தங்கச்சி. இன்னைக்கு ஒரு மூட் நாளைக்கு ஒரு மூட்னு இருக்கிற ஆள்கிட்ட போய் கேக்குறது சூதாட்டம் மாதிரி. கேக்கிற நாள் நல்ல நாளா இருந்தா கெடைக்கும். இவர்கிட்ட எந்த நாளும் ஒரே நாள்தான். ஜெபத்தால அவர் மனசுல நமக்கு எடம் வாங்க வேண்டியது இல்ல, எடம் இருக்கிறதாலதான் ஜெபிக்கிறோம். மத்தபடி நம்ம ஜெபத்தையும் அவர் தன்னோட வேலையில ஒரு பங்கா சேர்த்துக்கிறார்னு நான் நம்புறேன், எப்படின்னு முழுசா விளக்க எனக்குத் தெரியாது அக்கா, எங்க வாத்தியாரும் அந்த எடத்துல கொஞ்ச நேரம் பேசாமத்தான் இருந்தார்.

இன்னொன்னு மறந்துட்டேன். ராத்திரி டியூட்டி அக்கா சொன்ன சங்கீதம் 102 இருக்குல்ல, அந்த "நீரோ மாறாதவராயிருக்கிறீர்"ங்கிறத எபிரெயர் 1ம் அதிகாரம் அப்படியே எடுத்து குமாரன பாத்து சொல்லுது. அப்படின்னா அந்த மாறாதவர்தான் லாசரு கல்லறையில கண்ணீர் விட்டவர். 2009ல உங்களுக்கு சொன்ன லாசரு கதையில அவர் எழுப்புனத சொன்னாங்க. எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் மொதல்ல நின்னு அழுதார், அதுலயும் அவர் மாறல.

.

கடலோரம்:

நாங்க கத்தோலிக்கர், இங்க எழுதலாமான்னு தயங்கிட்டு எழுதுறேன் சகோதரி. குமரி மாவட்டக் கடற்கரை. 2017 நவம்பர் 30 ஓகி புயல்ல எங்க அண்ணன் திரும்பல. உடலும் கெடைக்கல. அடக்கம் பண்ணாத சாவு எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியல, இருக்காரா இல்லையான்னு ரெண்டுக்கும் நடுவுல வாழணும். உங்க அப்பா உக்காந்திருக்கும்போதே நீங்க தேடுறீங்கன்னு வாசிச்சதும் எனக்குப் புரிஞ்சுது.

அடுத்த வருஷம் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வழிபாடு, மார்ச் 31ல வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பாஸ்கா திரிங்கிற பெரிய மெழுகுவர்த்தியில ஃபாதர் சிலுவை கீறுவார், மேல அகரம் கீழ னகரம், அப்புறம் சிலுவையோட நாலு மூலையில அந்த வருஷத்தோட நாலு எண்ணையும் ஒவ்வொண்ணா கீறுவார். கீறும்போது கிறிஸ்து நேற்றும் இன்றும், தொடக்கமும் முடிவும்னு சொல்லிட்டே காலங்கள் அவருடையனன்னு சொல்வார். வருஷா வருஷம் பாத்ததுதான். அந்த வருஷம் ரெண்டு, சைபர், ஒண்ணு போட்டுட்டு எட்டு போட்டப்ப எனக்கு மூச்சே நின்னுருச்சு. எங்க அண்ணன் பாக்காத வருஷம் அது. அவர் இல்லாம வந்த மொத வருஷத்த எனக்குப் புடிக்கல, அதுக்குள்ள போகவே மனசில்ல. அதையும் அந்தத் திரியிலதான் எழுதுறாங்க. எண் வருஷா வருஷம் மாறுது, மேலயும் கீழயும் இருக்கிற ரெண்டு எழுத்து மாறல.

அதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், எங்க அண்ணி இன்னைக்கும் காத்து அடிச்சா வெளிய வந்து நிப்பாங்க. ஆனா அந்த வருஷத்துக்குள்ள நான் தனியா போகலன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. அவ்வளவுதான் எனக்கு சொல்ல இருக்கு.

.

ஜீவதண்ணீர்:

சிஸ்டர், நான் எழுதுனத திரும்ப வாசிச்சேன். மன்னிச்சுக்கோங்க. எங்க அம்மாவுக்கு கேன்சர் வந்து சுகமானாங்க, அந்த சந்தோஷத்துல எல்லாருக்கும் அதே மாதிரிதான் நடக்கணும்னு நெனச்சுட்டேன். தேவன் சுகம் கொடுக்கிறவர்னு நான் இப்பவும் நம்புறேன், உங்க அப்பாவுக்காக அதையே கேப்பேன். ஆனா தடை உங்க பக்கம்னு சொன்னது தப்பு. வாத்தியார் ஐயா, துரோப்பீமு வசனத்த எத்தன தடவ வாசிச்சிருக்கேன், ஒரு தடவ கூட அங்க நின்னதில்ல. நன்றி ஐயா.

.

இடையன்குடி வாத்தியார்:

பெரிய மனசு தம்பி. சுகத்துக்கு கேக்கிறத நிறுத்தாதீங்க, நானும் சேர்ந்து கேக்கிறேன்.

.

பாளை மகள்:

நாலு நாள் கழிச்சு வர்றேன், எல்லாத்தையும் ரெண்டு தடவ வாசிச்சேன், சிலத என் மகளுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். யோனா கோவப்பட்ட காரணத்த கேட்டுட்டு அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அன்னைக்கு ராத்திரி அவளா வந்து தாத்தா பக்கத்துல முழங்கால் போட்டா. பிரதர், உங்கமேல எனக்கு வருத்தம் இல்ல.

கடலோரம் சகோதரி, உங்க அண்ணன் பேர் தெரியாது, ஆனா நேத்து ராத்திரி ஜெபத்துல அவங்களயும் உங்க அண்ணியயும் நெனச்சேன்.

அக்கா நீங்க சொன்ன மாதிரி நேத்து அஞ்சரைக்கே எல்லா லைட்டும் போட்டேன். அப்பா வீட்டுக்குப் போணும்னாங்க, சரிப்பான்னு சொல்லி செருப்ப மாட்டி ரேஷன் கடை வரைக்கும் நடந்தோம், என் கைய புடிச்சுக்கிட்டாங்க, திரும்பி வந்ததும் வீடு வந்துருச்சுன்னு அவங்களே சொன்னாங்க. நாலு வருஷமா நான் இதுதான் வீடு இதுதான் வீடுன்னு சண்ட போட்டுட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் ஜெபத்துக்கு உக்காந்தோம். நான் பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவேன்னு ஆரம்பிச்சு உம்முடைய நாமம்ங்கிற எடத்துல நிறுத்துனேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் பரிசுத்தப்படுவதாகன்னு அப்பா குரல். ஞாயிறு பள்ளியில சொல்லித் தர்ற அதே குரல், ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி நிறுத்தி. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் வரைக்கும் போனாங்க. எனக்குத்தான் நடுவுல குரல் வரல. முடிஞ்சதும் என்ன பாத்து, டீச்சர் உங்க அப்பா சொகமா இருக்காங்களான்னு கேட்டாங்க. இருக்காங்கன்னு சொன்னேன். சந்தோஷம்னாங்க.

கார்ட வெளிய எடுத்துட்டேன். 7ம் வசனத்த பின்பக்கம் பேனாவுல எழுதி அப்பா மாத்திரை டப்பா மேல ஒட்டியிருக்கேன், காலையும் ராத்திரியும் கையில படுற எடம்.

அக்கா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை எங்க சபை ஐயர் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு திருவிருந்து கொடுக்கிறேன்னு சொல்லிருக்காங்க. அப்பாவுக்கு இப்ப முழுங்க கஷ்டமா இருக்கு, சோறே கொழைச்சுத்தான் கொடுக்கிறேன். அப்பத்த திராட்சரசத்துல நனைச்சுக் கொடுக்கச் சொல்லலாமா, அப்படி கேக்கலாமா?

.

ராத்திரி டியூட்டி:

தாராளமா கேளுங்க தங்கச்சி, எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் கொடுத்தாங்க. ரொம்ப சின்னத் துண்டா, நல்லா ஊறினதா இருக்கட்டும். படுத்த வாக்குல வேண்டாம், முதுகுக்கு தலகாணி வச்சு நேரா உக்கார வைங்க, தாடை கொஞ்சம் கீழ இருக்கணும். முழுங்கிட்டாங்களான்னு பாத்துட்டு அப்புறம் ஜெபத்த தொடரச் சொல்லுங்க, ஐயர் பொறுமையா இருப்பாங்க. முடிஞ்சும் ஒரு அரை மணி நேரம் உக்காந்தே இருக்கட்டும். அப்பா வாய் தொறக்கலன்னா கட்டாயப்படுத்தாதீங்க. பக்கத்துல நீங்க வாங்கிக்கோங்க, அவங்க பாத்துட்டு இருக்கட்டும்.